தம்பியின் கால்களும் என் ஐந்து கிரெடிட்டும்

என் தம்பி ஓடுவான். நான் படிப்பேன். எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை அப்படித்தான் நடந்திருந்தது, யாரும் உட்கார்ந்து பேசாமலே. அதில் எனக்குக் குறையொன்றும் இருந்திருக்காது, ஓடுகிறவனுக்கு மட்டும் தினமும் முட்டை என்று அம்மா முடிவு செய்யாமல் இருந்திருந்தால்.

காலையில் இரண்டு முட்டை, அரைவேக்காடாக, மேலே மிளகுத்தூள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் சூப். மாலையில் திடலிலிருந்து வந்ததும் ஒரு பெரிய மங்கு நிறையப் பால். நான் பள்ளி முடிக்கும் சீனியர் பரீட்சைக்குப் படித்த வருடத்தில் எனக்குக் கிடைத்தது தேத்தண்ணியும், "புள்ளைக்குக் கண்ணு உள்ள போயிருச்சே" என்ற அனுதாபமும்தான். அவனுடைய கேன்வாஸ் சப்பாத்துக்கு வெள்ளை பூசி வெயிலில் காயவைக்கும் வேலை வேறு என் தலையில் விடிந்தது. பொறாமை என்றால் பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க இந்த வயதில் எனக்கு விருப்பமில்லை.

மலாக்கா டவுனில் காஜா பேராங்கில் இருந்தோம். எங்கள் வாடகை வீட்டின் பின்வேலியைத் தாண்டினால் கம்போங் செட்டி, தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு. நாட்டுக்குச் சுதந்திரம், அதாவது மெர்டேக்கா, வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் என் பரீட்சை முடிவு வந்தது. ஐந்து பாடத்தில் கிரெடிட். கிரெடிட் என்றால் வெறும் தேர்ச்சி இல்லை, அதற்கு ஒரு படி மேலே. எங்கள் வரிசை வீடுகளில் ஒரு பெண் அதுவரை அப்படி வாங்கியதில்லை. அப்பா வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். பெருமைப்பட்டதோடு சரி.

வடக்கே ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடமுண்டு. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். விண்ணப்பப் பாரத்தை வாங்கி வந்து அப்பா முன்னால் வைத்தேன். அவர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

"பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரத்துல ஹாஸ்டல்ல விட்டா நாலு பேரு என்னா பேசுவாங்க?"

அந்த நாலு பேர் யார் என்று நான் கேட்கவில்லை. அம்மா பாரத்தை எடுத்து அலமாரித் தட்டில் விரித்து, அதன்மேல் ஊறுகாய் ஜாடியை வைத்தாள். நல்ல தடித்த காகிதம், வீணாகக் கூடாதாம்.

அந்த வருடம் முழுவதும் நான் வீட்டில்தான் இருந்தேன். எங்கள் வீட்டின் இங்கிலீஷ் நான்தான். அப்பாவுக்கு டவுனில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கும் வேலை. "யெஸ் சார்", "நோ சார்", "லீக்கிங் சார்" என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டியவர். வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தால் நான் படித்துச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் நான் பேச வேண்டும். தம்பியும் இங்கிலீஷ் பள்ளியில்தான் படித்தான். ஆனால் காகிதம் என்று கண்டால் அதை என்பக்கம் தள்ளிவிட்டுத் திடலுக்குப் போய்விடுவான். அவனுக்குச் சீனியர் பரீட்சை அந்த வருடக் கடைசியில். கிரெடிட் என்ற பேச்சே அவன் வாயில் வந்ததில்லை, பாஸ் பண்ணினால் போதும் என்றிருந்தான்.

வருட நடுவில் பண்டார் ஹிலிர் திடலில் பள்ளிகளுக்கிடையே ஓட்டப் போட்டி நடந்தது. அம்மா கேட்டுக்கொண்டதற்காக நானும் போனேன். தம்பி ஓடியது நானூற்று நாற்பது கெஜம். அவன் ஓடி நான் அதுவரை ஒழுங்காகப் பார்த்ததில்லை. கடைசி வளைவில் மற்றவர்களுக்கெல்லாம் முகம் கோணிப்போயிற்று, தோள் ஏறிவிட்டது. அவன் மட்டும் கடைக்குப் போய்வரச் சொன்ன பையன் மாதிரி வந்தான். முன்பின் தெரியாத சீனர்களும் மலாய்க்காரர்களும் எழுந்து நின்று கத்தினார்கள். நானும் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். ஐஸ் விற்ற சீனர் என்னைப் பார்த்து, "உன் தம்பியா?" என்று மலாயில் கேட்டு, சிவப்புப் பாகு ஊற்றிய ஐஸ் உருண்டை ஒன்றைச் சும்மாவே கையில் கொடுத்தார். ஐந்து கிரெடிட் வாங்கியதற்கு எனக்கு யாரும் ஐஸ் கொடுத்ததில்லை. அதைக் கடைசிவரை உறிஞ்சித் தின்றுவிட்டு, வயிறு எரிய எரிய வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஓர் ஆள் அன்று திடலுக்கு வந்திருந்தார். மறுவாரம் பள்ளித் தலைமையாசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளைக்காரர். பெற்றோரோடு பேசும்போது பையன்கள் அறைக்குள் இருக்கக்கூடாது என்பது அவர் வழக்கம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, என்னையும் கூப்பிட்டார். "நீ வந்து பேசும்மா. தொரை இங்கிலீஷ் எனக்குப் புரியாது."

யோசித்துப் பாருங்கள். அந்தக் கல்லூரிக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவள் நான். அதே கல்லூரிக்குத் தம்பியை அனுப்ப என்ன வழி என்று கேட்டு வர என்னையே அனுப்பினார்கள். அதில் தப்பிருப்பதாக வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குழாய் ஒழுகினால் அப்பா, சோறு பொங்க அம்மா, இங்கிலீஷ் பேச நான்.

தலைமையாசிரியர் நிதானமாக, எனக்குப் புரியும்படி பேசினார். கல்லூரிக்கு ஓட்டக்காரர்கள் வேண்டும். ஓட்டத்துக்காக எடுக்கப்படும் பையனுக்கு மூன்று கிரெடிட் போதும், அதில் ஒன்று ஆங்கிலமாக இருக்க வேண்டும், கணக்கில் பாஸ் பண்ணியிருக்க வேண்டும். பரீட்சை முடிந்ததும் டிசம்பரில் இதே ஊரில் தேர்வு ஓட்டம் வைத்து இரண்டு பேரை எடுப்பார்கள். படிப்பைச் சாக்காக வைத்து ஓட்டத்தை விட்டுவிடக் கூடாது, அவனைக் கேட்பதே அவன் கால்களுக்காகத்தான் என்று இரண்டு முறை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ எத்தனை கிரெடிட் வாங்கினாய் என்று கேட்டார்.

ஐந்து என்றேன்.

ஐந்தா, அப்படியானால் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க உன்னைவிட்டால் ஆளில்லை என்று சொல்லிச் சிரித்தார். அப்பாவும் ஒன்றும் விளங்காமலே கூடச் சிரித்தார். "யெஸ் சார்" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஐந்து வாங்கியவள் ஏன் வீட்டில் இருக்கிறாள் என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அதற்கப்புறம் செய்ததைச் செய்திருக்க மாட்டேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் சாக்குதான்.

திரும்பி வரும் வழியில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். "தொரை என்னாமா சொன்னாரு?"

"ஓட்டத்துக்குன்னு எடுப்பாங்களாம்பா. ஆனா அஞ்சு கிரெடிட் வேணுமாம்."

"அஞ்சா?"

"ஆமா. நான் வாங்குன மாதிரி."

யோசித்து வைத்துச் சொன்னதில்லை. வாயைத் திறந்தபோது மூன்று என்று சொல்லத்தான் திறந்தேன். ஐந்து வாங்கிய நான் ஊறுகாய் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மூன்றை வாங்கிக்கொண்டு பெட்டி கட்டுவானா? போகட்டும், ஆனால் நான் கொடுத்த விலையைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அவனால் முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஓட்டத்தை விட்டுவிடக் கூடாது என்று துரை சொன்னதை நான் சொல்லவே இல்லை.

அப்பா சைக்கிளை நிறுத்தினார். "அவனால முடியுமா?"

"முடியாதுப்பா" என்றேன். அது மட்டும் உண்மை என்று நினைத்தேன்.

தம்பி அதைக் கேட்டு முதலில் சிரித்தான். பிறகு நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று. தலைமையாசிரியரிடம் போய் அவனே கேட்டிருக்கலாம். ஆனால் பிரம்படிக்குத் தவிர வேறெதற்கும் அந்த அறைக்குள் நுழையாதவன் அவன். என்னைச் சந்தேகிக்கவும் அவனுக்குக் காரணமில்லை. இதோடு விட்டுவிடுவான், அடுத்த வாரத்திலிருந்து நானும் அவனும் ஒரே வீட்டில் ஒரே நிலைமையில் இருப்போம் என்று நான் கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலை அவன் கணக்குப் புத்தகத்தோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். தட்டிலிருந்த இரண்டு முட்டையில் ஒன்றை என்பக்கம் நகர்த்தினான்.

"நீ அஞ்சு வாங்குனியே அக்கா. எப்படின்னு எனக்கும் சொல்லிக் குடு."

அம்மா அடுப்படியிலிருந்து, "டேய், அது ஓடுறவனுக்கு வச்சது" என்றாள். "சொல்லிக் குடுக்கிறதுக்கும் தெம்பு வேணும்லமா" என்றான். நான் அந்த முட்டையைத் தின்றேன். தின்றுவிட்டுச் சொல்லியும் கொடுத்தேன். தப்புத்தப்பாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற எண்ணம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. ஆனால் பாடத்தில் தப்புச் சொல்ல என் கர்வம் இடம் கொடுக்கவில்லை. பொய்யை வெளியே சொல்லலாம், கணக்கைத் தப்பாகப் போட என்னால் முடியாது.

ஒரு வாரம் தாங்காது என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. முதலில் திடலுக்குப் போகும் நாட்களைப் பாதியாக்கினான். பிறகு சனிக்கிழமை மட்டும் போனான். பிறகு அதுவும் இல்லை. மாலை நான்கு மணிக்குப் பையன்கள் வாசலில் வந்து கூப்பிடுவார்கள். அவன் தலையைத் தூக்காமல், "வேல இருக்கு லா" என்பான். மேசைக்கு அடியில் அவன் கால் இரண்டும் ஆடிக்கொண்டே இருக்கும். படிக்கும்போது அவனால் காலை மட்டும் சும்மா வைக்க முடியவில்லை. அதை நான் தினமும் பார்த்தேன்.

மூன்று போதும் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. தொரை சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று சமாளித்திருக்கலாம். ஆனால் அதற்குள் எனக்கு வேறொரு பொறாமை முளைத்திருந்தது. அவன் நன்றாகப் படித்தான். பூகோளத்தில் நான் மனப்பாடம் செய்து ஒப்பித்ததையெல்லாம் அவன் ஒரு படம் வரைந்து புரிந்துகொண்டான். ஓட்டம் அவனுடையது, படிப்பு என்னுடையது என்ற பாகப்பிரிவினையில் என் பங்குக்குள்ளும் கை வைக்கிறானே என்று இருந்தது. இவன் ஐந்து வாங்குகிறானா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும் போலவும் இருந்தது. வாங்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே, வாங்கும்படி சொல்லிக்கொடுத்தேன். இதை எப்படி விளங்கிக்கொள்வீர்களோ எனக்குத் தெரியாது.

வேலிக்கு அந்தப் பக்கம் செட்டி வீட்டு அம்மாள் ஒருத்தி இருந்தாள். மாக்சிக், அத்தை, என்றுதான் மலாயில் கூப்பிடுவோம். நெற்றியில் குங்குமம், உடம்பில் மலாய்க்காரிகள் போடும் கெபாயாச் சட்டை, இடுப்பில் சாரோங் கைலி. மாரியம்மன் கோயிலில் எங்களோடு நின்று கும்பிடுவாள், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். ஒரு நாள் துணி காயப்போடும்போது, "அடெக் சுடா தாக் லாரி கா?" என்று கேட்டாள், தம்பி இப்போதெல்லாம் ஓடுவதில்லையா என்று. அவன் காலையில் தெருவில் ஓடும் சத்தத்தில்தான் அவள் அடுப்பு மூட்டுவாளாம், இப்போது நேரம் தெரியவில்லையாம். பரீட்சை என்றேன். "கெசியான்" என்றாள். பாவம் என்று அர்த்தம். ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்துவிட்டேன்.

பிறகு விளையாட்டு வாத்தியார் ஒரு நாள் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். தமிழர்தான், கோபக்காரர்.

"என்னா தம்பி, ரெண்டு மாசமா திடல் பக்கமே காணோம்?"

"அஞ்சு கிரெடிட் எடுக்கணும் சார். அதான் படிக்கிறேன்."

"அஞ்சா? கம்மியாத்தான் கேப்பாங்கன்னு நெனச்சேன்." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மெர்டேக்காவுக்கு அப்புறம் எல்லா ரூலையும் மாத்திக்கிட்டே இருக்கானுங்க லா, நமக்கு எங்க தெரியுது." என்னைப் பார்த்தார். "நீதான போயி பேசுன? அஞ்சுதானா?"

தம்பி என் முகத்தைப் பார்த்தான். அப்பா பார்த்தார். அம்மா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். முதல் பொய் வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை.

"அஞ்சுதான் சார்" என்றேன்.

பரீட்சை முடிந்த மறுவாரம் தேர்வு ஓட்டம். வெறும் ஒரு வாரம் ஓடிப் பார்த்துவிட்டு அவன் திடலுக்கு வந்தான். பாதி தூரம் வரைக்கும் அவன்தான் முன்னால். வாத்தியார் கையைத் தட்டினார், அப்பா கத்தினார். கடைசி வளைவில் அவன் தோள் ஏறியது, முகம் கோணியது, முதல்முறையாக. ஒருவன் தாண்டினான். இன்னொருவன் தாண்டினான். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாமவனும் தாண்டினான். நான்காவதாக வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. வெயிலில் ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனது போல் இருந்தது. பிறகு அவன் நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பக்கத்தில் வந்தான்.

"கால் வரலக்கா" என்றான். அவ்வளவுதான். எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்தவன் மாதிரி தன் காலையே குனிந்து பார்த்தான். என் சந்தோஷம் அதோடு போயிற்று. ஆனாலும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லி என்ன பிரயோஜனம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முடிவு வந்தபோது அவன் ஐந்து கிரெடிட் வாங்கியிருந்தான். சரியாக ஐந்து. பூகோளத்தில் என்னைவிட அதிகம். ஓட்டக்காரர்களுக்கான இடம் போய்விட்டது, ஆனால் ஐந்து கிரெடிட் இருந்ததால் மற்ற மாணவர்களைப்போலச் சாதாரணமாகவே விண்ணப்பித்தான், கல்லூரி எடுத்துக்கொண்டது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். அப்பா என் தலையில் கை வைத்து, "எல்லாம் இவ சொல்லிக் குடுத்ததுதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்ற கவலை யாருக்கும் வரவில்லை. பெட்டியோடு பஸ் ஏறும்போது தம்பி எல்லோர் முன்னாலும் குனிந்து என் காலைத் தொட்டான். எங்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. நான் காலை இழுத்துக்கொண்டேன்.

போய்ப் பத்து நாளில் முதல் கடிதம் வந்தது. அவனுக்குத் தமிழ் எழுத வராது, இங்கிலீஷில்தான் எழுதுவான். அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். கட்டில் நன்றாக இருக்கிறது. குளிக்கிற தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. பக்கத்துக் கட்டில் பையன் ஈப்போக்காரன், நல்லவன்.

அடுத்த வரியில் இப்படி இருந்தது: "அவன் ஓட்டக்காரன். மூன்று கிரெடிட்டில் வந்திருக்கிறான். ஓடுகிறவர்களுக்கு எப்போதும் மூன்றுதானாம். போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் அதேதான் என்று ஆபீசில் சொன்னார்கள். அக்கா, இந்த இடத்தை அப்பாவுக்குப் படிக்காதே."

நான் அந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"சாப்பாட்டுல உப்பே இல்லையாம்மா" என்றேன்.

அன்று அம்மா அந்தக் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னாள். மூன்று முறையும் அந்த இடத்தைத் தாண்டினேன்.

அதற்குப் பிறகு நான் கல்யாணமாகிச் செமாபோக் போனேன். அவன் வாத்தியாரானான், பிறகு தலைமையாசிரியராகவும் ஆனான். ஓட்டத்தை மறுபடி தொடவில்லை. அப்பா போய்ச் சேர்ந்தார், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் குடும்பத்தோடு என் வீட்டுக்கு வருவான். என் பிள்ளைகளிடம், "உங்கம்மா சொல்லிக் குடுக்கலன்னா நான் இன்னிக்கு எங்க இருப்பேனோ" என்பான். அந்தப் பேச்சில் எங்கேயாவது ஒரு முள் இருக்கிறதா என்று வருடா வருடம் தேடுவேன். இருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும். இருந்ததில்லை.

அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை அப்பா பெயருக்கே எழுதியிருப்பேன். எழுதி, படித்துச் சொல்ல வேறு ஆளையும் ஏற்பாடு செய்திருப்பேன். எனக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியும் என்பதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.